மல்சுக் அக்காவின் தண்ணீர்

வலது கையில் மட்டும் சிவப்பு ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு குளியலறைக்குள் போவார் மல்சுக் அக்கா. கிம்ச்சி ஊறுகாய் பிசையும் உறை அது. எவ்வளவு கழுவினாலும் மிளகாய் நெடி போகாது. வெறுங்கைக்கு வழுக்கும் ஷவர் குழாயின் பிடி, உறை போட்டால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இந்தக் குளிர்காலத்தில் அதற்கும் அசைய மறுத்துவிட்டது.

மசான் நகர மீன் சந்தையில் மீன் அறுத்துக் கொடுப்பவர். அறுத்து அறுத்தே மணிக்கட்டு போய், போன வருடம் ஆபரேஷன் நடந்தது. விடியுமுன் கிளம்பி நண்பகலில் கவிச்சியோடு திரும்புவார். டாக்சி ஓட்டும் கணவர் கீதெக் மாலையில் வந்து பிடியைத் தூக்கிவிடும்வரை குளிக்க முடியாது. அதுவரை பால்கனியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கவிச்சி ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் வேறெதன் மீதும் உட்கார மாட்டார்.

எதிர்வீடு எங்களுடையது. "பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிட்டு வந்துடேன்" என்று என் அம்மா ஒருமுறை சொன்னார். "ஊருக்கே மீன் அறுத்துக் குடுக்கறேன். மேலுக்குத் தண்ணி ஊத்திக்க நான் பஸ் ஏறணுமா?" என்றார் அக்கா.

கீதெக் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. பிடியின் இடுக்கில் நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஒரு வாரம் குளியலறையில் பிசைந்த சோற்று வாசனை அடித்தது. பிறகு பிடி முன்னைவிட இறுகிவிட்டது. குடியிருப்பு அலுவலகத்தில் பராமரிப்பு பார்க்கும் குவாக் வந்து தட்டிப் பார்த்து, "சுவத்த உடைக்கணும்க்கா. அண்ணன்தான் இருக்காரே, அவரையே தெறக்கச் சொல்லுங்க" என்றார்.

"என் தண்ணியத் தெறக்க எனக்கு ஒரு ஆளா?"

போன வியாழன் சந்தையிலிருந்து வந்ததும் எங்கள் வீட்டு ஸ்பானரைக் கேட்டு வாங்கிப் போனார். அன்று மட்டும் மதியம் சாப்பிட வந்திருந்த கீதெக் அண்ணன் குளியலறை வாசலில் நின்று, "தண்ணி பீச்சி அடிச்சா வீடே மெதக்கும்டி" என்று கத்தினார்.

"மெதந்தா டாக்சிய வித்துட்டுப் படகு வாங்குங்க. தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

வீட்டுக்கு வரும் தண்ணீரை மூடினார். பிடியின் நெற்றியில் இருந்த சிவப்பு, நீல வில்லையை மீன் கண்ணைத் தோண்டுவதுபோல் கத்தி முனையால் நெம்பினார். உள்ளே திருகாணி. அதைக் கழற்றியதும் பிடி கையோடு வந்தது. அடியில் இருந்த பெரிய நட்டுதான் வம்பு செய்தது. ஆபரேஷன் ஆன மணிக்கட்டுக்கு அது மசியவில்லை. துடைப்பானின் இரும்புக் குழாயைக் கழற்றி ஸ்பானரின் வாலில் செருகி, தோளைக் கொடுத்து மொத்த உடம்பையும் சாய்த்தார். நட்டு கிரீச்சிட்டது.

"கை போனா என்ன, ஆள் இருக்கேன்ல" என்றார் நட்டிடம்.

உள்ளிருந்து வந்த உருளையில் வெள்ளை உப்புப் படிவும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்பியிருந்தன. "உங்க நல்லெண்ணெயில வாஷர் ஊதிப் போச்சு பாருங்க" என்று கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மாட்டத் தெரியலன்னா என்னைக் கூப்பிடாத" என்று அண்ணன் கோபமாகப் போய்விட்டார். உருளையை வினிகரில் ஊறப்போட்டுவிட்டு, புது வாஷரும் குழாய்க்கென்று விற்கும் கிரீஸும் வாங்கி வந்தார் அக்கா. கதவைத் திறந்து வைத்திருந்ததால் மாலைவரை மாடி முழுக்க ஊறுகாய் வாடை.

ஸ்பானரைத் திரும்ப வாங்க நான் போனபோது அக்கா குளியலறைக்குள் இருந்தார். அண்ணனும் அப்போதுதான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்ன, முடியலையா? தெறந்து விடட்டா?" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே தண்ணீர் கொட்டியது. நின்றது. மறுபடி கொட்டியது.

பிறகு, உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம்.