லேமினேஷன் போட்ட நாற்பது அட்டைகள்

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் நடக்கிறது. அதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது அவருடைய இரண்டு லீவுகளில் மட்டும்தான். எங்கள் ஊர் வீரசோழனில் இது அதிசயமில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். அதிசயமில்லை என்பதால் கஷ்டமில்லை என்று ஆகிவிடாது. இதை ஊரில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தினமும் போன் பேசுவோம். "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன், நீங்க?" என்பேன். என்ன குழம்பு, மாமிக்கு மூட்டுவலி எப்படி, மழை பெய்ததா. மழையே காணாத எங்கள் பக்கம் மழை பெய்ததா என்று ஒருவர் கேட்டால், கேட்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு நிமிஷத்தில் பேச்சு வற்றிவிடும். ஆளுக்கொரு போனைப் பார்த்தபடி சும்மா இருப்போம். "அப்புறம்? வச்சிரவா?" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். பேச ஒன்றுமில்லை என்றால் போனை வைத்துவிடுவதா?

ஒரு தடவை அவரோடு வேலை பார்க்கும் நரிக்குடிக்காரர் ஊருக்கு வந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த பையில் சோப்பு, பாதாம், தைலத்தோடு ஒரு சின்னப் பெட்டியும் இருந்தது. உள்ளே நாற்பது அட்டைகள். சிறகு முளைத்த பாம்பு, கல்லில் செய்த யானை, தீ கக்கும் பல்லி என்று படம் படமாக. கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ், ஓரத்தில் எண்கள். அவருடைய ரூமில் மூன்று பிலிப்பைன்ஸ்காரர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை லீவில் கட்டிலில் உட்கார்ந்து இதைத்தான் ஆடுவார்களாம். ஆளுக்கொரு கட்டு வேண்டும். அவரிடம் ஒன்று இருந்தது. எனக்கும் ஒன்று சேர்த்து அனுப்பியிருந்தார்.

"வெள்ளிக்கெழம நாலரைக்கு வீடியோவுல வாரேன். கத்துத் தாரேன்" என்றார்.

மாமி, அதாவது அவருடைய அம்மா, அட்டையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இந்த வீட்ல சீட்டுக்கட்டா? பரக்கத்து நிக்குமா, உள்ள வளமும் போயிராதா?" என்றார். காசு வைத்து ஆடுவதில்லை, பொம்மைப் படம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். மாமிக்கு மனசு ஆறவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை நாலரைக்கு நான் அறைக்கதவைச் சாத்திக்கொள்வேன். புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டேன் என்று தெருவில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பாயில் உட்காருவேன். கையில் ஐந்து அட்டை. ஒவ்வொரு முறையும் அட்டைக் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும், ஒரு பிராணியை இறக்க வேண்டும், எதிராளியை அடிக்க வேண்டும். ஆளுக்கு இருபது புள்ளி. யாருடையது முதலில் தீருகிறதோ அவருக்குத் தோல்வி. கேட்க எளிதுதான். பெரிய எண் போட்ட பிராணியெல்லாம் கடைசிக்கு வேண்டும் என்று நான் கையிலேயே வைத்திருப்பேன். அதற்குள் அவர் எலியையும் தவளையையும் விட்டே என்னைக் காலி பண்ணிவிடுவார். "நகைய பீரோவுல பூட்டுற மாதிரி பூட்டி வைக்காத புள்ள, எறக்கு" என்பார். பதினோரு வாரம் தொடர்ந்து தோற்றேன். எனக்குத் தோற்கப் பிடிக்காது. அவரோடு தோற்பது மட்டும் அவ்வளவு கசக்கவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் "வச்சிரவா?" என்று அவர் கேட்டதில்லை.

எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். ஆட்டம் முடியும்வரை "எப்ப வாரீக?" என்று கேட்கக் கூடாது. அதைக் கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும், பேச்சும் நின்றுபோகும். எங்கள் கல்யாணத்திலேயே இந்த ஒரு விதியைத்தான் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறேன்.

ஒருநாள் பாயை உதறும்போது அட்டைகளை வாசல்படியில் வைத்தேன். பக்கத்து வீட்டு வெள்ளாடு வந்து ஆமை அட்டையின் மூலையைக் கடித்துவிட்டது. ஆமை எனக்குப் பிடித்த அட்டை, லேசில் சாகாது. மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டாமா? ரேஷன் கார்டை, ஆதாரை என்ன செய்கிறோமோ அதையே செய்தேன். அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, ஜெராக்ஸ் கடையில் நாற்பதுக்கும் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தேன். கடிபட்ட ஆமைக்கும் சேர்த்து. வீட்டுக்கு வந்ததும் மாமி ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். "இப்பத்தான் பாக்க மரியாதையா இருக்கு" என்றார். அன்றிலிருந்து சீட்டுக்கட்டு என்ற பேச்சே எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதல் அட்டையைக் காட்டினேன். "லைட்டு அடிக்குது, ஒண்ணும் தெரியல. சாய்ச்சுப் புடி" என்றார். சாய்த்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு இருமல் வருகிறவரை சிரித்தார்.

"என்ன புள்ள பண்ணி வச்சிருக்க? இத இனிமே யாரும் ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்களே. சின்ன மடிப்பு விழுந்தாலே இங்க வேணாம்பாங்க. நீ கண்ணாடி போட்டு வச்சிருக்க."

"நான் வேற யாரு கூட ஆடப் போறேன்?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, எடு" என்றார்.

அவர் சொன்னதும் நிஜம்தான். அட்டைகள் கலைக்க வராது, கையிலிருந்து வழுக்கி ஓடும், ஓரம் விரலைக் கீறும். ஆனால் இரண்டு வாரம் கழித்து அதே அட்டைகளால் முதல் தடவை ஜெயித்தேன். அவர் ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல, பிலிப்பைன்ஸ்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமை. வெள்ளிக்கிழமை மிச்ச நேரமெல்லாம் அவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுகிறவர்கள் அவர்கள்தானே. "லீவுக்கு வரும்போது உங்க கட்டையும் கொண்டாங்க. ஒரே பாயில உக்காந்து ஒரு ஆட்டம் போடணும். எனக்கு வேற ஒண்ணும் வாங்கியார வேணாம்" என்றேன். மெய்யாகவே வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வந்தார். நாற்பது நாள் லீவு. கட்டையும் கொண்டுவந்தார், அது பீரோ மேலேயே இருந்தது. முதல் வாரம் பார்க்க வருகிறவர்கள், அடுத்த வாரம் நாங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர்கள், நடுவில் இரண்டு கல்யாணம், மாடியில் ஒழுகுகிற இடத்துக்குப் பூச்சு. "நாளைக்கு ஆடுவோம் புள்ள" என்பார். ஒரே ஒரு நாள், மத்தியானம், பாயை விரித்து உட்கார்ந்தே விட்டோம். அவர் மூன்று அட்டைதான் இறக்கியிருப்பார், ஃபேன் காற்றில் மூன்றும் பறந்து கட்டிலுக்கடியில் போய்விட்டன. என்னுடையது வைத்த இடத்திலேயே கிடந்தது. "உன் கட்டு கெட்டிதான்" என்று அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, விசா விஷயமாகப் பேச வாசலில் ஆள் வந்துவிட்டது. அவ்வளவுதான், ஆட்டம் கலைந்தது.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போய்வருகிறேன் என்று காலையில் பஸ் ஏறினார். அந்தி சாய்ந்துதான் திரும்பினார், கையில் காராச்சேவு பொட்டலத்தோடு. நான் பாயை விரித்து வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

"மிச்சமிருக்கது மூணு நாளு. அதுல ஒண்ண ஜெராக்ஸு கடைக்குக் குடுத்துட்டு வந்திருக்கீக" என்றேன்.

"கூட்டமா இருந்துச்சு" என்றார்.

பொட்டலத்தை நான் தொடவில்லை. மிச்சம் இரண்டு நாளும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சிறுபிள்ளைத்தனம்தான். தெரிந்தேதான் செய்தேன். ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் மாமியின் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். காராச்சேவை மறுநாள் தனியாக உட்கார்ந்து தின்றேன், ஒன்றுகூட மிச்சம் வைக்காமல்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு போன் அடித்தது. கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் வெடுக்கென்று "எடுங்க" என்றேன். அவர் முதல் அட்டையைக் காட்டினார். திரை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

"லைட்டு அடிக்குது மச்சான், சாய்ச்சுப் பிடிங்க" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் சாய்த்தார். தீ கக்கும் பல்லி. அதைச் சுற்றி, கத்தரி கோணலாக ஓடிய பிளாஸ்டிக் ஓரம். அடுத்ததைக் காட்டினார், அதற்கும் அப்படியே. நாற்பதுக்கும் போட்டிருந்தார்.

"அன்னைக்கு இதுக்குத்தான் அவ்வளவு நேரமா?"

"ம்."

"உங்க ரூமு ஆளுக என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. இனிமே சேத்துக்க முடியாதுன்னுட்டாங்க."

"அப்ப யாரு கூட ஆடுவீக?"

"நீ இருக்கேல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் மாமி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் என் அட்டைகளைத் தட்டித் தட்டி அடுக்கினேன். அவை வழுக்கிக்கொண்டே இருந்தன. நேருக்கு நேர் இருந்த இரண்டு நாளை முகத்தைத் தூக்கிவைத்தே தொலைத்திருக்கிறேன். ஐந்து அட்டைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே என் விதியை நானே மீறினேன்.

"எப்ப மச்சான் வாரீக?"

அவர் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சுருங்கவில்லை. பல்லியைக் கட்டிலில் வைத்தார்.

"நீ எறக்கு புள்ள" என்றார்.

கையில் இருந்ததில் மூலை கடிபட்ட ஆமையை இறக்கினேன்.