நன்மைக்குப் போகாத திருநாள்

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். அப்போதெல்லாம் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற நற்கருணையை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து தண்ணீரைத் தவிர வாயில் ஒன்றும் படக்கூடாது. இந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம். ஞாயிறு காலை வெறும் வயிறு, தலையில் முக்காடு, கோவிலில் முதல் வரிசை. என்னைப் பார்த்து நாலு பேர் திருந்த வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன், அவ்வளவு பக்தி!

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். எங்களுக்குள் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. கூட்டுக்குடும்பம் பிரிந்தபோது மாமியாரின் ஆட்டுக்கல் அவளுக்குப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. சாமான் ஏற்றுகிற அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது, "பிள்ளைகுட்டி இல்லாத வீட்டுக்கு எதுக்குக்கா இம்மாம்பெரிய ஆட்டுக்கல்லு?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். லாரியில் ஏறிப் போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை "கோபப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லும்படி அபராதம் கிடைத்தது. சொல்லி முடித்தேன், என்னைப் பொறுத்தவரை விஷயமும் முடிந்தது.

அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் பூசைக்கு வருகிறாள், நன்மைக்குப் போவதில்லை. பெரிய பாவம் இருக்கிறவர்கள்தான் அப்படி விலகி இருப்பார்கள். எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சில் தனியாகத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு உள்ளூர ஒரு குஷி. "என்ன பெரிய பாவமோ, ஏழு மாசமா எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க" என்று வீட்டில் ஆரம்பித்தேன். "உனக்கு எதுக்கு அது?" என்று அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

கோவில் திருநாள் வந்தது. பெண்கள் சபையில் எனக்குப் புதிதாகப் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். நீல ரிப்பன் போட்டுக்கொண்டு சபைப் பெண்களை நன்மைக்கு நான்தான் முன்னால் நடத்திக்கொண்டு போக வேண்டும். மத்தியானம் விருந்தாளிகள் வருவதால் விடியற்காலையிலேயே மண்ணெண்ணெய் அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புப் பத்தவில்லை. உப்பை அள்ளிப் போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. துப்பினேன், வாயைக் கொப்பளித்தேன். விழுங்கினது விழுங்கினதுதான்.

"ஒரு சொட்டுதானே லா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் போய்விடலாமா என்றிருந்தது. ரிப்பனைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன். மணி அடித்தது. சபைப் பெண்கள் எழுந்து எனக்காகக் காத்தார்கள். நான் எழவில்லை. நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினேன். கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். மானமே போயிற்று.

பூசை முடிந்ததும் நேரே அவளிடம் போனேன். சமாதானமாகப் போக அல்ல. அவளைப் போல நானும் ஏதோ பாவத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான்.

"அக்கா, காலையில கறிக்கு உப்புப் பாத்துட்டேன். அதான் நன்மைக்குப் போகல. வேற ஒண்ணும் இல்ல."

அவள் குரல்கூட உயரவில்லை.

"உனக்கு உப்பு. எனக்கு நீதான். உன்மேல இவ்வளவு கோவத்தை வச்சுக்கிட்டு நான் எப்படிப் போயி நாக்கை நீட்டுறது? நானும் ஒவ்வொரு வாரமும் மன்னிச்சிரணும்னுதான் வர்றேன். முடியல."

ஏழு மாதம் நான் பசியோடு போய் முழங்காலில் நின்றது அத்தனையும் அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு சொட்டுக் குழம்புக்குப் பயந்த நாக்கு, அவளைக் கேட்ட அந்தக் கேள்விக்கு ஒரு நாளும் பயப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது பாவம்க்கா, மன்னிச்சிருங்க" என்றேன். நீல ரிப்பனோடு கோவில் வாசலில் நின்று விசும்பி விசும்பி அழுதேன். "சரி, சரி, எல்லாரும் பாக்குறாங்க" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றோம். எனக்குத்தான் நிறைய நேரம் பிடித்தது. நான் கேட்ட கேள்வியை ஒரு வார்த்தை விடாமல் சாமியாரிடம் சொன்னேன். அவள் நன்மைக்குப் போகாததைப் பற்றி வீட்டில் சந்தோஷமாகப் பேசியதையும் சொன்னேன். வெளியே வந்தபோது வயிறு லேசாகி நன்றாகப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால் கிராதியில் பக்கத்துப் பக்கத்தில் முழங்காலிட்டோம். கிராதிமேல் விரித்திருந்த வெள்ளைத் துணிக்கு அடியில் அவள் முழங்கை என்மேல் இடித்துக்கொண்டிருந்தது. சாமியார் அவள் பக்கமிருந்து வந்தார். அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தாள், வாங்கினாள், கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் முறை வந்தது எனக்குத் தெரியவில்லை. சாமியார் நற்கருணையைக் கையில் ஏந்தியபடி எனக்காகக் காத்து நின்றார்.