வாளிக்குள் ஒரு நாள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலங்களை ஜெயித்தாள். சித்தப்பாவின் சிலிக்கானை ஜெயித்தாள். எங்கள் தெருச் சங்கத்தின் பதினொரு பேரை ஜெயித்தாள். அதில் ஒன்பது பேர் அவளுக்கு எதிராகக் கை தூக்கியவர்கள். நான் எண்ணினேன்.

அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் வேலை. அதனால் தெருவில் அவள் பெயர் பட்டன். நான் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன். எங்கள் வீடு தெருக்கோடியில், பள்ளத்தில் இருக்கிறது. பின்னால் ஓடை, அதன் மேல் ஒரு நடைபாலம். ஒரு வருடம் ஓடை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. விடிந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோதுதான் எங்களுக்கே தெரியும். அன்று ஊறிய பீரோக் கதவு இன்றுவரை சரியாக மூடுவதில்லை. இனிமேல் ஓடை நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்றாள் பட்டன்.

பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டவள் அவள். பாலத்துத் தூணில் ஒரு குழாயைக் கட்டி, அதற்குள் ஒரு மிதவையை விட்டாள். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறி இரண்டு வயர்களைச் சேர்த்துவிடும். பாலத்தின் கைப்பிடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்டு, மேலே ஒரு சைரன். அவ்வளவுதான்.

முதல் மழைக்காலத்தில் ஈரம் பெட்டிக்குள் புகுந்து போர்டு செத்தது. புதிதாக ஒன்று செய்து நகப்பூச்சு பூசினாள். வெயிலில் அது வெடித்து உரிந்தது. அப்போதுதான் பிளம்பர் சித்தப்பா, குளியலறைத் தொட்டி ஓரத்தை அடைக்கிற சிலிக்கான் பசையோடு வந்து சேர்ந்தார். "இத அப்பிவிடு, கடல்ல போட்டாக்கூட அசையாது" என்றார். இருவரும் சேர்ந்து அப்பினார்கள். வீடு முழுக்க வினிகர் வாடை. நல்ல சரக்கு, அதான் இப்படி அடிக்கிறது என்று நானும் சொன்னேன். அந்த வாடைதான் எமன் என்று மூன்று பேருக்குமே தெரியவில்லை. அந்த வகைச் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். அமிலம் செம்பைத் தின்னும்.

அடுத்த மழைக்காலம், ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம், சட்டை நனையாத தூறலில் சைரன் அலறியது. தெருவே சாமான்களை மாடிக்கு ஏற்றியது. சங்கச் செயலாளர் தன் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. பெட்டியைத் திறந்தால், சிலிக்கானுக்கு அடியில் செம்புக் கோடுகள் பச்சைப் பச்சையாகப் பூத்து, பக்கத்துக் கோடுகளோடு ஈரத்தால் ஒட்டிக் கிடந்தன. போர்டுக்கு அது மிதவை ஏறின மாதிரியேதான்.

மறுநாளே சங்கம் கூடியது. மாமியார் இன்னும் கீழே இறங்கவில்லை, அங்கே காற்று நன்றாக வருகிறதாம் என்று செயலாளர் குறைப்பட்டுக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பெட்டியைக் கழற்றிவிடலாம் என்று ஒன்பது கைகள் உயர்ந்தன. பட்டன் எழுந்தாள்.

"கழட்டுங்க. ஆனா அடுத்த தடவ தண்ணி வந்தா யாரு வீடு வீடா வந்து எழுப்புவாங்கன்னு அந்தச் சங்க நோட்டுல எழுதிட்டுக் கழட்டுங்க."

யாரும் பேனாவைத் தொடவில்லை. பட்டன் ஆறு வாரம் அவகாசம் கேட்டாள். பெட்டியே இல்லாமல் வெறும் போர்டை, சங்க அறையிலேயே, எல்லோர் கண்ணெதிரே, ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போடுவதாகவும், செத்தால் தன் கையாலேயே எல்லாவற்றையும் கழற்றுவதாகவும் சொன்னாள்.

"என்னம்மா, மீன் வளக்கப் போறியா?" என்றார் செயலாளர்.

"ஆமா சார். மீன் செத்தா சொல்லி அனுப்புங்க."

அந்த ஆறு வாரமும் வீட்டில் என்ன நடந்தது என்று நான் நாள்வாரியாகச் சொல்ல முடியும். போர்டுகளுக்கென்றே விற்கிற, வார்னிஷ் மாதிரித் தெளிவான பூச்சு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து வரவழைத்தாள். புது போர்டைப் பற்றவைத்தபின் அதில் ஒட்டிய பிசினைப் பல் துலக்கும் பிரஷ்ஷால், ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். வயர் மாட்டுகிற செருகிகளுக்குள் பூச்சு போகாது, தண்ணீர் போகும் என்று சொல்லி, எல்லாச் செருகிகளையும் பிடுங்கிவிட்டு வயர்களை நேரே பற்றவைத்தாள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் அது பிணத்தை வீட்டுக்குள் பூட்டுகிற மாதிரி என்பாள். அதனால் மழை நாளில் பிரஷ்ஷையே தொடமாட்டாள். ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிடுதல், மறுபடி ஒரு பூச்சு.

இரண்டாவது பூச்சு காய்ந்ததும், கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கை எங்கள் கடையிலிருந்து ஓர் இரவுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த வெளிச்சத்தில் பூச்சு நீலமாக மினுங்கும். பூச்சு படாத இடம் கறுப்பு. நான் எண்ணியதில் பதினேழு கறுப்புப் புள்ளிகள், எல்லாம் பற்றவைத்த கம்பிகளின் கூரான நுனிகள். கூரில் பூச்சு நிற்காமல் வழிந்துவிடுகிறது. அவள் ஒவ்வொரு நுனியையும் கத்தரித்து மழுக்கி, மேலும் இரண்டு முறை பூசினாள். பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் போர்டு வாளிக்குள் போனது. மின்கலமும் சைரனும் மிதவையும் அதன் வயர்களோடு மேசைமேல் இருந்தன. ஆட்கள் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஞாயிறு காலை, கை தூக்கியவர்களில் ஒருவரான இரும்புக்கடைக்காரர் ஒரு பிடி உப்போடு வந்தார்.

"ஓடைத் தண்ணி என்ன பன்னீரா? அது சாக்கடையும்மா" என்று போட்டுக் கலக்கினார்.

பட்டன் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு பிடி பத்துமா அண்ணே? இன்னொண்ணும் போடுங்க."

அவர் போடவில்லை. நானாக இருந்தால் அத்தோடு சும்மா இருந்திருப்பேன். அவள் அவர் வீட்டிலிருந்தே இன்னொரு பிடி வாங்கி வரச் செய்து, தானே போட்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். சைரன் அதுவரை ஒரு முறைகூட முனகவில்லை. பட்டன் மிதவையை விரலால் தூக்கினாள். அலறியது. இறக்கினாள். நின்றது. செயலாளர் தானே மூன்று முறை தூக்கி இறக்கிப் பார்த்தார். மூன்று முறையும் அப்படியே.

பெட்டி பாலத்திலேயே இருக்கலாம், ஆனால் பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று செயலாளர் நோட்டை என் பக்கம் தள்ளினார். முன்பு பாலத்தில் பெட்டி வைக்க அனுமதி கேட்ட கடிதத்தில் போட்டவளும் நான்தான். வீட்டுக்குப் பெரியவள் போட்டால் போதும் என்றார்கள். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, குடு" என்றாள் பட்டன். பிறகு செயலாளரிடம், "செஞ்சது நான் சார். நாளைக்குத் தப்பா அடிச்சா என்னத்தான் திட்டணும். எங்க அக்காவ இல்ல."

"பட்டன்னா போடப் போற?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் நோட்டைத் திருப்பி, குனிந்து, அப்பா வைத்த பெயரை முழுசாக எழுதினாள். தான் செய்த பொருளுக்குக் கீழே அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை.