குன்னத்தில் இறங்க வேண்டிய பெண்

அரியலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் லேப்டாப், கையில் மலிவான போன். தான் எழுதிய ஆப்பைப் போனில் ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஏனென்று கேட்டேன்.

“ட்ரோன்ல எடுத்த மக்காச்சோளக் கொல்லைங்க. இவ்ளோ பெரிய படத்த மொத்தமா தொறந்தா மெமரி தாங்காம ஆப் நின்னுடுது. இப்ப திரையில தெரியற துண்டுக்கு மட்டுந்தான் மெமரியில எடம். நகந்துட்டா ஒடனே காலி பண்ணிடுவேன்.”

இந்த முறை கண்ணைத் திறந்ததும் “தொறந்துடுச்சு!” என்று கத்தினார். ஓடிவந்த கண்டக்டர் போனை வாங்கிப் படத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஆப் நிற்கவில்லை.

“அட, இது எங்க கொல்லைம்மா! அந்தா, எங்க மோட்டார் கொட்டாய்!”

பஸ் குன்னத்தைத் தாண்டிப் போனது. இறங்க வேண்டியவர் அந்தப் பெண். விசில் கொடுக்க வேண்டியவர் கண்டக்டர். குனிந்திருந்த அந்த இரண்டு தலைகளையும் நிமிர்த்த எனக்கு மனம் வரவில்லை.