நாக்குக் கட்டிய மணி

ஆத்தாளை நம்பும் சொந்தங்களே, போன ஐப்பசியில் கொல்லிமலைச் சரிவில் என் வீட்டுக்காரரின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு, இனி இவரை உயிரோடு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேன் என்றே நினைத்தேன். நான் ராசிபுரத்துக்காரி. எங்களுக்குத் தறிதான் பிழைப்பு.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் மலைமேல் இருக்கும் எங்கள் ஆத்தா கோயிலில் வெண்கல மணி கட்டுவதாக வேண்டியிருந்தேன். பேரன் பிறந்தான். வேண்டுதல் மணியை வண்டியில் ஏற்றாமல் நடந்தே சுமப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதன் முதல் ஓசை ஆத்தா சந்நிதியில்தான் கேட்க வேண்டும். அதனால் மணியின் நாக்கை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம்.

பாதி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே மூடுபனி. மணி என் தோளில் இருந்தது; குறுக்கு வழி தெரியும் என்று அவர் முன்னால் போனார். பெரிய வழிகாட்டி! ஈரப்பாறையில் வழுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தார். விழுந்தடித்து இறங்கிப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே கால் திரும்பிக் கிடக்கிறது. சேலையைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. போனில் டவர் இல்லை. இழுக்கப் பார்த்தேன். அலறினார். ஒரு முழம்கூட நகர்த்த முடியவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

தொண்டை கிழியக் கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஏனுங்க, மணிய அடிக்கட்டுங்களா?”

“வேண்டாம் புள்ள. சாமிக்கு நேந்தது. பேரனுக்கு ஏதாச்சும் ஆயிரப்போவுது.”

அந்தச் சொல் என் கையைக் கட்டிப்போட்டது. மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது. பேச்சு குழறியது. கண் செருகியது.

“ஆத்தா! குத்தம்னா எனக்குக் குடு. கொழந்தையத் தொடாத. இவரையும் எடுத்துக்காத தாயே!”

நனைந்து இறுகிய முடிச்சு விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கை மரத்துப்போகும் வரை மணியை அடித்தேன். பதில் இல்லை. கை மாற்றி அடித்தேன். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. “மணிய நிறுத்தாதீங்க! சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வாரோம்!”

மிளகுத் தோட்டத்து அண்ணன் தம்பி இருவர். கயிறு போட்டு அவரைத் தூக்கி, போர்வையில் தூளி கட்டி ரோடு வரை சுமந்தார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கால் தேறிவிட்டது. கொஞ்சம் சாய்த்து நடக்கிறார். ஆனால் என் பயம் மட்டும் தேறவில்லை. பேரன் தும்மினாலும் பதறினேன். தை பிறந்ததும் அதே மணியோடு மலையேறி, நடந்ததைச் சொல்லிப் பூசாரி முன்னால் அழுதேன். “மொத சத்தத்த நான் எடுத்துக்கிட்டேனுங்க.”

பூசாரி மணியை வாங்கிக் கட்டினார். “அழுவாதீங்க சாமி. இந்த மலை பூராவும் அவ சந்நிதிதானுங்க. மொதல்ல அவ கேட்டா. அப்புறந்தான் அந்த அண்ணந்தம்பி காதுல உழுந்துச்சு.”

அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கூப்பிடலாமா, குற்றமாகுமா என்று என்னைப் போல யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள். மலைக்குப் போனால் வாசலுக்கு வலப்பக்கம் தொங்குவது எங்கள் மணிதான். அடித்துக் கூப்பிடுங்கள். அவள் கேட்பாள்.