பக்கத்து வீட்டில் இரண்டு புனிதர்கள்

பக்கத்து வீட்டு மால்டாக்காரர்களுக்குச் செபஸ்தியார் படம் கொண்டுபோய்க் கொடுத்தது என் வாழ்நாள் புத்திசாலித்தனங்களில் ஒன்று. லண்டன் ஹரோவுக்கு வீடு மாறி வந்த புதிது. அவர்களும் கத்தோலிக்க வேதக்காரர், நாங்களும் வேதக்காரர். தங்கள் ஊரில் செபஸ்தியாருக்குப் பெரிய கோயில் இருக்கிறது என்று அந்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலால் சொல்லியிருந்தார். செபஸ்தியார் கோயில் இருக்கிற மன்னாரில் பிறந்த எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? சட்டம் போட்ட படத்தை அவருடைய மனைவியிடம் நீட்டினேன். அந்த அம்மா கையை நீட்டவேயில்லை.

“அவர் பின்னுக்கு நிக்கிறார். அவரிட்டைக் குடுங்கோ,” என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் கேட்டதெல்லாம் என் காதில் எங்கள் தமிழாகவே தங்கிவிட்டது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர்களுடைய ஊர் பாண் ரொட்டிக்குப் பேர்போனது. விடியமுன் தெருவெல்லாம் போறணை அடுப்பு வாசம் அடிக்குமாம். சின்ன ஊர், ஆனால் இரண்டு கட்சி. கொள்ளைநோய்க் காலத்தில் நேர்ந்துகொண்ட செபஸ்தியார் ஒரு பக்கம், சூசையப்பர் மறுபக்கம். இரண்டு பாண்ட் கோஷ்டி, இரண்டு நிறக் கொடி, போட்டிக்கு வாணவேடிக்கை. ஒரு கட்சியின் பவனி தெருவில் போனால் மற்றக் கட்சிக்காரர் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அந்த அம்மா சூசையப்பர் வீட்டுப் பிள்ளை. பெரியவரோ இளவயதில் செபஸ்தியார் சொரூபத்தைத் தோளில் சுமந்தவர். எப்படியோ கல்யாணம் கட்டி லண்டனுக்கு வந்தார்கள், கட்சியையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள்.

ஜூலையில் அவர்கள் ஊர்ச் செபஸ்தியார் திருநாளன்று பெரியவர் ஹாலில் இருந்து பவனியை ஃபோனில் நேரலையாகப் பார்ப்பார். அந்த அம்மா தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே நனைந்த செடிகளுக்குத் திரும்பவும் தண்ணீர் ஊற்றுவார். “அந்தப் பவனியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை” என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாருக்காக இந்த வீம்பு? என் கணவரிடம் புலம்பினால், “உமக்கேன் அந்த வேலை? அது அவையின்ரை சந்தோஷம்,” என்பார்.

போன வருடம் பெரியவர் படுத்த படுக்கையானார். கண்ணும் மங்கிவிட்டது. இனி அதிக நாளில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான். இந்த முறை பவனி முடியும்வரை யாராவது பக்கத்தில் இருந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மனைவியிடம் அவர் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். “கட்டாயம் வாறன்” என்று வாக்குக் கொடுத்தேன்.

அன்று பார்த்து வேலையில் பிந்திவிட்டது. மெட்ரோபொலிட்டன் ரயிலும் நின்று நின்றுதான் வந்தது. என்னை நானே திட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தால், கட்டிலருகே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஃபோன். பவனியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். நேரலை அறுந்துபோயிருந்தது. திரையில் சொரூபம் கோயில் வாசலிலேயே அசையாமல் நின்றது. அந்த அம்மாவும் திரையைப் பார்க்கவில்லை, கணவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப பேக்கரி முடக்கிலை திரும்புது. இடப்பக்கம் தூக்கிறவை கொஞ்சம் பின்னுக்குப் போகினம். முன்னுக்கு நிக்கிறவர் பாரம் ஏலாமல் பல்லைக் கடிக்கிறார். எங்கடை வீட்டுக்கு முன்னாலை இறக்கி வைக்கினம். அவர் நெத்தியைத் துடைச்சுப்போட்டு மேலை பாக்கிறார்.”

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

“அது நானெல்லோ,” என்றார். “உங்கடை வீட்டு ஜன்னல் எப்பவும் சாத்தித்தானே கிடக்கும். நான் மேலை பார்த்தது உமக்கு எப்பிடித் தெரியும்?”

“சாத்தின ஜன்னல் இடுக்குக்குப் பின்னாலைதான் நிண்டனான். ஒவ்வொரு வருசமும்.”

“பவனியைப் பார்த்ததே இல்லையெண்டு சொல்லுவீரே?”

“பவனியை ஆர் பார்த்தது?” என்றார் அந்த அம்மா. “நான் உங்களைத்தான் பார்த்தனான்.”