மணவாளன் துண்டு

பச்சையம்மாவின் பயத்தை மட்டும் ஏற்றினால் போதும், பழவேற்காட்டு ஏரியில் எந்தப் படகும் மூழ்கிவிடும். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஊதினால் நண்டோடைக் குப்பத்தில் இவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ரொம்ப இல்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில், ஓர் ஐப்பசிப் புயலில், அவள் புருஷன் மணவாளன் போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் முகத்துவாரம் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் சோறு தின்பாள். பிழைப்பு, குப்பத்துக்குப் பின்னால் இருந்த ஓடையில். சேற்றில் ஊர்ந்துகொண்டே இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்பாள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பாதி நாள் வாய் திறக்க வழியில்லாத வேலை. அவளுக்கு அது வசதியாகவே இருந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம் குப்பத்துத் தலைவர் துளசிராமன் ஊரைக் கூட்டினார்.

"ஆறு குப்பத்துக் கூட்டுல நம்மளையும் சேத்துக்கிறேன்றாங்க" என்றார். "நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. காதத் தொறந்து கேளுங்க. முகத்துவாரத்துல முறை வச்சி வலை போடலாம். புயலுன்னா ஆறு குப்பத்துப் படகும் நமக்கு வரும். ஐஸ் லாரிக்காரன் இறாலுக்கு வெலையக் கொறச்சான்னு வையி, ஏழு ஊரும் சேந்து சரக்கு இல்லன்னுடலாம். தனியா கெடந்தா நம்மள எவன் மதிக்கிறான்?"

"நம்ம ஓடை?" என்று ஒரு குரல்.

"அது பொதுத் தண்ணி ஆயிடும். கூட்டுத் தண்ணியில பொம்பள எறங்கக் கூடாது, அது அவுங்க சட்டம்."

பச்சையம்மா இடுப்பிலிருந்த பறியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதே வருஷம் ஐரோப்பாவில் சில தேசங்கள் ஒரு கூட்டுக்குள் சேர வரிசையில் நின்றன. நார்வேக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போட்டு மாட்டோம் என்றுவிட்டார்கள். அங்கே மீன்பிடிக்கிறவர்களுக்குத் தங்கள் கடலில் அடுத்தவன் வலை விழுமோ என்று பயம். பச்சையம்மாவுக்கு நார்வே எந்தத் திசை என்று தெரியாது. பயம் மட்டும் அச்சாக அதே பயம்.

"அக்கா, ஓடை போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் கையைப் பிடித்தாள். கோவிந்தம்மாவும் புருஷனை இழந்தவள்.

"எதுக்குடி நடுங்குற? நீ நடுங்குறதுல என் கையும் சேந்து ஆடுது."

சேர்க்கிற நாள் வந்தது. வழக்கம் இதுதான்: அம்மன் கோயில் முன்னால் ஒரு துடுப்பைக் கிடத்துவார்கள். புதிதாகச் சேரும் குப்பத்தில் எத்தனை தலைக்கட்டோ, ஆண் தலைமையில் எத்தனை வீடோ, அத்தனை தலைத்துண்டு அதன்மேல் விழ வேண்டும். துண்டுக்கு ஒரு பாடு, அதாவது முகத்துவாரத்தில் வலை போட ஒரு முறை. அம்மன் முன் துடுப்பில் விழுந்த துண்டை யாரும் விலக்க முடியாது.

துளசிராமனுக்குப் பேராசை. முந்தின நாளே விதவைகள் வீடு வீடாகப் போய், "சும்மா ஒரு பொழுதுக்குத்தான்" என்று செத்தவர்களின் துண்டுகளை வாங்கிக்கொண்டார். மணவாளன் துண்டும் அதில் ஒன்று. பாடு அதிகமாகக் கிடைத்தால் ஆண்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அம்மன் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதை மறந்துவிட்டார்.

துண்டுகள் விழுந்தன. கூட்டின் பெரியவர் செங்கல்வராயன், கோயில் தூண் ஒன்றே வேட்டி கட்டிக்கொண்டு நடந்தாற்போன்ற ஆள், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்டார். வீட்டுக்காரன் வந்து வாங்கிக்கொண்டான். கட்டம் போட்ட நீலத் துண்டு ஒன்றைத் தூக்கினார்.

"இது யாரு ஊடு?"

"மணவாளன் ஊடு, நைனா" என்றார் துளசிராமன்.

"எங்க அவன்?"

"அவன்... வெளியூரு."

பெண்கள் பக்கத்தில் பச்சையம்மா முந்தானையைப் பறி மாதிரி கடித்துக்கொண்டு நின்றாள். துளசிராமனின் கண் அவளைச் சுட்டது. பேசினால் ஊர் பொய் அம்பலமாகும், கூட்டும் போகும், ஊரே அவளைத் துரத்தும். பேசாவிட்டால் ஓடையும் போகும், புருஷன் பெயரில் வந்த பாடும் அடுத்தவன் வலைக்குப் போகும். முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"செத்துட்டாரு" என்றாள். "ஊடு இருக்குது. துண்டு என்னுது."

துண்டைப் பிடித்திருந்த பெரியவரின் கை துளசிராமன் பக்கம் நீண்டது.

"யோவ் துளசிராமா!" என்று உறுமினார் செங்கல்வராயன். "அம்மன் முன்னாலயே பொய்யா?"

"தள்ளிடுங்க நைனா, அந்தத் துண்ட எடுத்துடுங்க" என்று துளசிராமன் கும்பிட்டார்.

"வுழுந்த துண்ட எடுக்கிறது உன் ஊட்டு வழக்கமா? எங்களுக்குக் கெடையாது." பெரியவர் நீலத் துண்டை உதறி மடித்தார். பிறகு பச்சையம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, கூட்டுத் தண்ணியில பொம்பள எறங்கக் கூடாதுதான், தலைக்கட்டு எறங்கலாம். ஆனா தலைக்கட்டுன்னா சும்மா இல்ல. மணல் மூடினா முகத்துவாரத்தத் தோண்ட ஊட்டுக்கு ஓராளு வரணும். பாடு வந்தா படகுல ஊட்டாளு இருக்கணும். இருப்பியா?"

முகத்துவாரம். அந்தப் பெயரைக் கேட்டதும் பச்சையம்மாவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து கோவிந்தம்மா அவள் இடுப்பில் கிள்ளினாள். கிள்ளின வேகத்தில் "இருக்கிறேன்" என்று வந்துவிட்டது.

"எந்துண்டும் அங்கதான் கெடக்குது, நைனா!" என்று அடுத்த நொடி கோவிந்தம்மா கத்தினாள். அப்புறம் மற்ற விதவைகளும். துளசிராமன் முகம் காய்ந்த கருவாடாகிவிட்டது. கொண்டுவந்து வைத்தவர் அவரே. யாரைக் குற்றம் சொல்வார்?

நண்டோடை கூட்டில் சேர்ந்தது. லாரிக்காரன் விலையை ஏற்றினான். துளசிராமன் சொன்ன நன்மையெல்லாம் வந்தது, அவர் எதிர்பாராத ஒன்றும் சேர்ந்து.

பச்சையம்மாவின் பாடு வந்த காலையில் கொழுந்தன் படகைத் தள்ளினான். "அண்ணி, கண்ணத் தொறந்துக்கினு வா. வலைய நான் பாத்துக்கிறேன்."

"கண்ண நீ தொறந்துக்க. நான் வரமாட்டேன்னு சொன்னேனா?"

மணவாளன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வெறும் பறியைப் பல்லில் கடித்தபடி நடுப்படகில் உட்கார்ந்தாள். அலை தூக்கிப் போடும்போதெல்லாம் பறியை இன்னும் அழுந்தக் கடித்தாள். வலை ஏறியது, காலைச் சுற்றி இறால் துள்ளியது. அப்போதும் கண் திறக்கவில்லை.

கரையில் கோவிந்தம்மா வந்து பறியை அவள் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. ஓலை விளிம்பில் இரண்டு வரிசைப் பல்லும் அழுந்தப் பதிந்திருந்தன.

"அடுத்த பாடு எப்போடி?" என்றாள் கோவிந்தம்மா.

"புதுப் பறி ஒண்ணு பின்னணும்க்கா" என்றாள் பச்சையம்மா, நடுங்கிக்கொண்டே.